குரல் கொடுக்காத மூலை

எங்கள் கல்லூரி கோர்ட்டில் கண்ணை நம்பி ஆடுகிறவன் மூக்கை உடைத்துக்கொள்வான். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்து போட்ட சிமென்ட் தரை அது. ஒரு பக்கம் கற்பூர மரங்கள், இன்னொரு பக்கம் கீழே யாருடையதோ ஒரு கேரட் தோட்டம். ஊட்டி முழுக்க வெயிலடித்துக்கொண்டிருக்கும், இந்த ஒரு இடத்துக்கு மட்டும் மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிரில் நிற்பவனின் ஷூ தெரியும், முகம் தெரியாது. அதனால் எங்கள் பாஸ்கெட்பால் டீமில் ஒரு பழக்கம் உண்டு. எந்த சீனியர் காலத்தில் தொடங்கியதோ, தெரியாது. பந்து வேண்டுமென்றால், பந்தை வைத்திருப்பவன் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும். கத்தின திசைக்குப் பந்து போகும். முகம் பார்த்து, நிதானித்து எறிவதெல்லாம் கீழே கோயமுத்தூர்க்காரர்கள் செய்கிற வேலை. நாங்கள் குரலுக்கு எறிவோம்.

பந்தைக் கொண்டு போகிறவன் நான். பெயர் டெனின், டீமுக்கு டெனீ. கற்பூர மரத்துப் பக்கம் இடது மூலையில் நிற்பவன் நெல்சன். அங்கே நின்று அவன் எறிந்தால் பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கும். என் பெரியப்பா மகன். என்னைவிடச் சில மாதம் மூத்தவன், அதற்காக நான் அவனை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தோம். போன வருடம் முழுக்க அந்த மூலையிலிருந்து "டெனீ!" என்று ஒரு சத்தம் வரும், நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் எறிவேன், அதோடு என் வேலை முடிந்தது. மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

இந்த வருடம் அந்த மூலையில் சத்தம் இல்லை. நெல்சன் அங்கேதான் நிற்கிறான். வாயைத்தான் திறப்பதில்லை. காரணம் ஒரு வாட்ஸ்அப் செய்தி.

சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆகஸ்டில் என் அக்கா ரேச்சலுக்குக் கல்யாணம். எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பத்திரிகை என்றால் வீட்டுக்கே போய், உட்கார்ந்து, ஒரு சின்ன ஜெபம் பண்ணி, கையில் கொடுக்க வேண்டும். அதிலும் அப்பாவோடு கூடப் பிறந்தவருக்குத்தான் முதல் பத்திரிகை. அப்பா எங்கள் ஊர் குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரியில் டீமேக்கர், பச்சை இலையைத் தூளாக்குகிற வேலைக்குப் பொறுப்பு. அந்த மாதம் மழை ஊற்றி இலை மலைமலையாய் வந்து குவிந்ததில் மனுஷன் வீட்டுக்கு வந்து சாப்பிடுவதே அரிதாக இருந்தது. எப்படியும் ஞாயிற்றுக்கிழமை நேரில் போகப் போகிறோமே, அதற்குள் அண்ணன் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டார். 'நேரில் வருகிறோம்' என்ற ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டார். அந்த ஞாயிறு, பெரியப்பா இருக்கும் கோத்தகிரிக்குப் போகிற ரோட்டில் மரம் விழுந்தது. அடுத்த ஞாயிறு ஃபாக்டரியில் மிஷின் நின்றது. அதற்குள் கல்யாணமே வந்துவிட்டது.

பெரியப்பா தேவநேசன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். போனில் வந்த பத்திரிகைக்கு ஒரு கட்டை விரலை மட்டும் பதிலாக அனுப்பினார். அந்த விரலைப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குச் சந்தோசம்தான்" என்று அப்பா நிம்மதியாக இருந்தார் பாருங்கள், அந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! கல்யாணத்தன்று கோயிலில் பெரியப்பா குடும்பத்துக்கு விட்டிருந்த முன்வரிசை கடைசிவரை காலியாகக் கிடந்தது. மறுநாள் ஒரு சொந்தக்காரர் மூலம் செய்தி வந்தது: "போனுல சொன்ன கல்யாணத்துக்குப் போனுலயே வந்துட்டமுன்னு சொல்லுங்க."

அம்மா அன்றே தீர்ப்பெழுதிவிட்டார். "இனி அந்த ஊட்டுப் பக்கம் யாரும் தலை வெச்சுப் படுக்கக் கூடாது." கோத்தகிரியிலும் இதே தீர்ப்பு இதே வார்த்தையில் எழுதப்பட்டதாகக் கேள்வி.

பெரியவர்கள் சண்டை பெரியவர்களோடு போகட்டும். எனக்கு ஆறாதது நெல்சன் வராததுதான். அக்கா அக்கா என்று ரேச்சல் பின்னாலேயே சுற்றினவன். கல்யாணத்துக்கென்று நாங்கள் இருவரும் ஒன்றுபோல் கோட்டு தைத்திருந்தோம். அவனுடைய கோட்டு இன்னும் எங்கள் பீரோவில் தொங்குகிறது. கோயில் வாசலில் வருகிற ஒவ்வொரு வண்டியையும் எட்டிப்பார்த்துக்கொண்டு நின்ற முட்டாள் நான். அவன் பக்கத்து நியாயம் என்னவென்று, எங்கள் டீமின் உயரக்காரன் தினேஷ்குமார் பிறகு வந்து சொன்னான்.

"உங்கப்பா வரலீன்னா போகட்டும், நீ ஒரு எட்டு வந்து சொல்லியிருக்கலாமில்லன்னு கேக்கறான்டா."

"தினமும் என் பக்கத்துல நிக்கறவனுக்கு நான் எதுக்குடா ஊட்டுக்குப் போய்ச் சொல்லோணும்?"

"என்கிட்ட ஏன்டா கத்தற? அவன்கிட்டக் கேளு."

"நான் ஏன் கேக்கோணும்? வராதவன் அவன்."

இப்படித்தான் ஆரம்பித்தது எங்கள் சீசன்.

கீழே போய் ஆடுவது எங்களுக்கு எப்போதுமே கண்டம்தான். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி டீம் வாந்தி எடுக்கும், மீதி டீம் அவர்கள் மூக்குக்கு எலுமிச்சம்பழத்தைக் காட்டும். இறங்கினால் வெயில். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, சந்தைக்கு வந்த மாடு மாதிரி நிற்போம். ஆனாலும் போன வருடம் பாதிக்குப் பாதி ஜெயித்தோம். இந்த வருடம் முதல் மேட்ச்சில் வாங்கின அடியில், எதிர் டீம் கோச்சே வந்து எங்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அதைவிடக் கேவலம் வேறில்லை.

இடது மூலையில் நெல்சன் தனியாக நிற்பான். அவனை மறிக்க ஆளே இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எறிய மாட்டேன். குரல் கொடுக்காதவனுக்குப் பந்து கிடையாது, அதுதானே நம் டீமின் வழக்கம்? அந்த வழக்கத்தை அவன் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அவன் கத்தட்டும், எறிகிறேன். அவன் கத்த மாட்டான். கையை மட்டும் லேசாகத் தூக்குவான், வகுப்பில் டவுட் கேட்கிறவன் மாதிரி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தினேஷ்குமார் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவான்.

"குளுருது, ஜன்னலைச் சாத்தச் சொல்லு அவனை" என்பேன்.

"ஜன்னலைச் சாத்துவியாமா" என்பான் நெல்சனிடம்.

"எனக்கு வாந்தி வருது, சாத்த முடியாதுன்னு சொல்லு" என்பான் நெல்சன், என் காதில் விழுகிற மாதிரியே.

ஒரு நாள் தினேஷ்குமாருக்குப் பொறுக்கவில்லை. "என்னைய என்ன போஸ்ட்மேன்னு நெனச்சீங்களாடா? தாலி கட்டுனவன் ரேச்சலக்காவைக் கூட்டிட்டுப் போய் சந்தோசமா இருக்கறான். இவனுங்க ரெண்டு பேரும் இங்க பிரிஞ்சு வாழறானுங்க." பஸ்ஸே சிரித்தது. நெல்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, கஷ்டப்பட்டு அடக்கினேன்.

எங்கள் பி.டி. சார் சகாயம் நல்ல மனிதர். முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். என்னை உட்காரவைத்துவிட்டு நெல்சனை ஆடவிட்டார், தோற்றோம். அவனை உட்காரவைத்துவிட்டு என்னை ஆடவிட்டார், இன்னும் மோசமாகத் தோற்றோம். வெளியூரில் இருவரையும் ஒரே அறையில் தங்கவைத்தார். நாங்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம். காலையில் எழுந்து பார்த்தால் நழுவிப்போன என் போர்வை சரியாக மூடியிருந்தது. அதற்காக அவனிடம் போய்ப் பேச முடியுமா? காற்றுக்கூட மூடியிருக்கலாம்.

நவம்பரில் பிரின்சிபால் எல்லோரையும் கூப்பிட்டார். அதிகம் பேசவில்லை. "ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத டீமை அடுத்த வருஷம் அனுப்பறதுல எனக்கு அர்த்தம் தெரியல. காலேஜ் பஸ் நிறுத்த இடமில்லாம கஷ்டப்படறோம். அந்தக் கோர்ட்டு சும்மாதான கெடக்குது?" மிச்சமிருந்தது ஒரே ஒரு மேட்ச், எங்கள் கோர்ட்டில். அதையும் தோற்றால் டீம் இல்லை, கோர்ட்டும் இல்லை. வெளியே வந்து சகாயம் சார் எங்களிடம் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். "பனி நல்லா எறங்குச்சுன்னா ஜெயிச்சரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. படிக்க எடுத்தால் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டே நடந்தேன். "ஏன்டா, ஊட்டை இடிக்கறதுன்னு முடிவே பண்ணிட்டியா?" என்று அம்மா கத்தினார். ரேச்சல் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கல்யாணம் ஆனவளே மறந்துட்டேன், உங்களுக்கென்னடா கேடு? போய்ப் பேசு" என்றாள். அவளுக்கென்ன, சொல்லுவாள். அப்பாவைப் பார்த்தேன். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து போனில் 'அண்ணா' என்று அடிப்பார், கொஞ்ச நேரம் பார்ப்பார், அழிப்பார். இந்த மனிதருக்குப் பிறந்தவன் வேறெப்படி இருப்பான்?

சனிக்கிழமை கோத்தகிரிக்கு பஸ் ஏறிவிட்டேன். டீமுக்காகப் போகிறேன், நெல்சனுக்காக அல்ல என்று வழி முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டேன். டீமுக்காக என்றால் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொள்ள வேண்டும்? பெரியப்பா வீட்டுத் தெருமுனையில் இறங்கினால், எதிர்ப்பக்கம் பேக்கரி வாசலில் நிற்கிறான், கையில் வர்க்கிப் பொட்டலத்தோடு. என்னைப் பார்த்துவிட்டான். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். நான் அவன் வாயைப் பார்த்தேன். அவன் என் வாயைப் பார்த்தான். இவ்வளவு தூரம் வந்தது நான், பேச வேண்டியது அவன் என்று எனக்குப் பட்டது. அவன் ஊருக்கு வந்தவன் நான், நானே வாயைத் திறக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டிருக்கும். நடுவில் ஒரு காய்கறி லாரி போனது, ஒரு ஜீப் போனது. பிறகு குன்னூர் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பஸ் திரும்பும்போது பார்த்தேன், அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

மேட்ச் அன்று காலை வெயில். மத்தியானம் வரை சகாயம் சார் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழேயிருந்து வந்த டீம், அந்த வெயிலுக்கே குல்லா போட்டுக்கொண்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கேரட் தோட்டத்திலிருந்து ஒரு பனிக் கற்றை மேலே ஏறியது, பின்னாலேயே இன்னொன்று. பிறகு மொத்தமாக வந்து படுத்துக்கொண்டது. பிரின்சிபால் ஓரத்தில் நாற்காலி போட்டு சால்வையோடு உட்கார்ந்திருந்தார். நடுக்கோட்டிலிருந்து வளையம் தெரிகிறவரை ஆடலாம் என்றார் ரெஃப்ரி. வளையம் தெரிந்தது. மற்றதுதான் தெரியவில்லை. எங்கள் வெள்ளைச் சட்டையும் அவர்கள் நீலச் சட்டையும் பனிக்குள் ஒரே சாம்பல்.

அப்போதுதான் நாங்கள் ஒரு டீம் என்று எனக்கே ஞாபகம் வந்தது. "டெனீ!" வலது பக்கம் கருப்புசாமி, எறிந்தேன், கூடை. "டெனீ!" வளையத்தின் அடியில் தினேஷ்குமார், எறிந்தேன், கூடை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். நெல்சன்கூட ஓடினான், தடுத்தான், கீழே விழுந்து பந்தைப் பறித்தான். பறித்த பந்தைத் தினேஷ்குமாரிடம் கொடுத்தான். தினேஷ்குமார் என்னிடம் கொடுத்தான். கோர்ட்டிலும் அவன்தான் எங்களுக்குப் போஸ்ட்மேன்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு அவர்களில் ஒரு குள்ளப் பையனுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. பனிக்குள் நின்று "தினேஷ்!" என்று ஒரு சத்தம் கொடுத்தான். தினேஷ்குமார் எறியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், கோயமுத்தூர்க் குரல்டா இது!" அடுத்த இடைவேளையில் நானே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "பேரைக் கேட்டதும் எறிஞ்சராதீங்க. நம்ம குரல்தானான்னு பாத்து எறியுங்க." நான்தான் சொன்னேன். நெல்சனும் அங்கேதான் நின்றான்.

முடிகிற நேரம். நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். பந்து என் கையில். செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசில் வரும்வரை நின்றால் போதும். ஒரு கைக்குழந்தைகூட அதைச் செய்யும். கோர்ட்டைச் சுற்றி நின்ற பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் என்னை நெருக்கினார்கள், நான் முதுகைக் காட்டித் திரும்பினேன். அப்போது இடது மூலையிலிருந்து, கற்பூர மரத்துப் பக்கத்திலிருந்து, ஒரு குரல் வந்தது.

"டெனீ!"

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. நெல்சன் கூப்பிட்டுவிட்டான். எனக்குள் வேறு எதுவுமே ஓடவில்லை. மேட்ச் ஓடவில்லை, பிரின்சிபால் ஓடவில்லை. அந்த மூலையில் நின்று என்னைக் கூப்பிட உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பந்தையும் எறிந்ததில்லை.

பந்து பனிக்குள் போனது. அந்தக் குள்ளப் பையன் அதைப் பிடித்து, எங்கள் வளையத்தை நோக்கித் தனியாக ஓடினான். தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வலை அசைந்தது. பிறகு விசில்.

யாரும் என்னைத் திட்டவில்லை. தினேஷ்குமார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பிரின்சிபால் எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டு, சகாயம் சாரிடம் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். சார் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவுதான், எங்கள் டீம் முடிந்தது. நான் எறிந்த கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் திருப்பினார்கள். நெல்சன்.

"என் குரல் தெரியாதாடா உனக்கு?"

என்னை ஒரு உலுக்கு உலுக்கினான். "பொறந்ததுலருந்து கேக்கற குரல்டா! எவனோ ஒருத்தன் கத்துனா எறிஞ்சுருவியா? நீயே எங்களுக்குச் சொல்லிட்டு, நீயே எறிவியா?"

"நீ கூப்புட்டேன்னு நெனச்சேன்டா."

"நான் எங்கடா கூப்புட்டேன்?"

"கூப்புடல. அதான்டா... கூப்புட்டுட்டேன்னு நெனச்சுட்டேன்." அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அவன் பிடி தளரவில்லை. "மூலைக்கு எதுக்குடா எறிஞ்ச? நான் மூலையிலயே இல்ல. உன்ற பக்கத்துல நின்னேன். உன்னை ரெண்டு பேரு அமுக்கறாங்கன்னு ஓடி வந்து, இதா, இத்தனை தூரத்துல நின்னேன். ரெண்டு கையும் நீட்டிட்டு நின்னேன்டா!"

"நின்னா? வாயைத் தொறக்க வேண்டியதுதானடா? டெனீன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துருமா?"

அவன் தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்தான்.

"சொல்லுடா! பக்கத்துல வந்து நின்னவன் சொல்ல வேண்டியதுதான? வருஷம் பூரா ஊமை மாதிரி நின்னது போதாதா?"

"நீ கோத்தகிரி வரைக்கும் வந்துட்டு வாயை மூடிட்டு பஸ் ஏறலயா? அன்னைக்கு உனக்கு எங்கடா போச்சு வாயி?"

"ரேச்சல் கல்யாணத்துக்கு நீ ஏன்டா வரல?"

"நீ ஏன்டா வந்து சொல்லல?"

இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜெயித்த டீம்காரர்கள் ஏதோ கைகலப்பு என்று பதறிப்போய், எங்களைப் பிரிக்க ஓடிவந்தார்கள். சகாயம் சார் குறுக்கே கையை நீட்டி அவர்களை நிறுத்தினார்.

"விடுங்கப்பா, சத்தம் போடட்டும். சீசன் பூரா இவனுங்ககிட்ட இதத்தான் கேட்டுட்டு இருந்தேன்." சொல்லிவிட்டு அவர் குனிந்து, யாரும் எடுக்காமல் கிடந்த பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். பின்பக்கமாகப் பார்த்தபோது அவருக்கு வயதாகிவிட்டது போலத் தெரிந்தது. அதற்கும் நாங்கள்தான் காரணம்.

உடை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை சண்டை போட்டுக்கொண்டே நடந்தோம். தினேஷ்குமார் கொஞ்ச தூரம் கூட வந்தான், நடுவில் தனக்கு வேலையில்லை என்று தெரிந்ததும் கழன்றுகொண்டான். நெல்சனின் குரல் கம்மிப்போயிருந்தது, என்னுடையதும்தான். அவன் பெரியப்பாவுக்காகப் பேசினான், நான் அப்பாவுக்காகப் பேசினேன். பாதியில் அவன் என் அப்பாவுக்காகவும் நான் பெரியப்பாவுக்காகவும் பேச ஆரம்பித்திருந்தோம். கோத்தகிரி பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. கண்டக்டர் எங்களைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டார். குன்னூர் பஸ்ஸும் போனது. அடுத்தது எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை. கல்யாணச் சண்டையே இன்னும் முடியவில்லை. மேட்ச்சுக்கான சண்டை அப்படியே பாக்கி இருந்தது.